ஏழடி, இரண்டு துண்டு, ஒரே ராட்

தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போனால் சுவரோரம் வரிசையாக ராடுகள் நிற்கும். ஆயிரம் ரூபாய்க்கும் உண்டு, இருபதாயிரத்துக்கும் உண்டு. நிறத்தையும் எழுத்தையும் விட்டுவிட்டால் பார்வைக்கு எல்லாம் ஒரே சாயல்தான். எதை எடுப்பது என்று நாம் முழிக்கும்போது கடைக்காரர் ஒன்றை உருவிக் கையில் கொடுப்பார்: "முப்பது டன் கார்பன் சார். எவ்வளவு பெரிய மீனா இருந்தாலும் தாங்கும்."

அந்த முப்பது டன்னுக்கும் மீனின் இழுப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது என்ன கணக்கு என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் வாங்க வருபவரின் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியில் விராலுக்கு வீச வேண்டும். அடுத்த வாரம் முட்டுக்காட்டிலோ பழவேற்காட்டிலோ கொடுவாவுக்கு. போய்வர பைக், இல்லையென்றால் பஸ். ரீலும் நரம்பும் தனிச் செலவு என்பதால் ராடுக்கு இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. இரண்டு ராட் வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்படிப்பட்டவர் வாங்க வேண்டியது ஏழடி நீளமும் மீடியம் பலமும் கொண்ட, இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய ஸ்பின்னிங் ராட். ஏன் ஏழடி, ஏன் மீடியம், ஏன் இரண்டு துண்டு என்பதற்கெல்லாம் இயற்பியலில் காரணம் இருக்கிறது. அது புரிந்துவிட்டால், ராடின் விலையில் எந்தப் பங்கு மீனைப் பிடிக்கிறது, எந்தப் பங்கு வாங்குபவரைப் பிடிக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

கம்பு யாருக்கு உதவுகிறது?

நம் கடற்கரைகளில் ராட் இல்லாமலே மீன் பிடிப்பவர்கள் ஏராளம். தங்கூசி நரம்பில் முள்ளும் ஈயமும் கட்டிச் சுழற்றி எறிந்துவிட்டு, நரம்பை விரலில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். மீன் இரண்டு கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால் அவர்கள் கையும் அதே இரண்டு கிலோவைத்தான் சுமக்கிறது.

ராட் பிடித்தவர் நிலைமை வேறு. ஏழடி என்பது சுமார் 2.1 மீட்டர். அடிமுனையை வயிற்றில் ஊன்றி, அதிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி ரீல் இருக்கும் இடத்தில் பிடித்திருக்கிறார். கம்பு வளையாமல் விறைப்பாக நிற்கிறது, நரம்பு அதற்குச் செங்குத்தாக இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டு கிலோ இழுப்புக்கு அவர் கை கொடுக்க வேண்டிய விசை 12 கிலோ. நெம்புகோல் வேலையை எளிதாக்கும் என்று பள்ளியில் படித்தோம். எளிதாக்குவது உண்மைதான், ஆனால் இங்கே நெம்புகோலின் நீண்ட பக்கம் மீனிடம் இருக்கிறது.

கம்பு வளைவதுதான் மனிதனைக் காப்பாற்றுகிறது. நுனி வளைந்து இறங்க இறங்க, நரம்பு இழுக்கும் கோட்டுக்கும் அடிமுனைக்கும் இடையிலான தூரம் குறைகிறது. அது பாதியானால் கையின் சுமையும் பாதியாகி 6 கிலோவுக்கு இறங்குகிறது. வளையாத ராட் பலசாலி என்று நினைப்பவர்கள், அந்தப் பலத்தைத் தங்கள் மணிக்கட்டிலிருந்துதான் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு நஷ்டத்துக்கும் ஈடாக ராட் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, வீச்சு. விசையில் இழந்ததை அதே நெம்புகோல் வேகத்தில் திருப்பித் தருகிறது. மணிக்கட்டு சிறிது அசைந்தால் நுனி பெரிய வட்டத்தில் பாய்கிறது. இரண்டாவது, ஸ்பிரிங் வேலை. மீன் திடீரென்று தலையை உதறும்போது அந்த அதிர்ச்சி நேராக முடிச்சுக்குப் போகாமல் கம்பின் வளைவில் அடங்குகிறது. நைலான் நரம்பு அறுவதற்கு முன் ஏறக்குறைய கால் பங்கு வரை தானே நீண்டு கொடுக்கும்; இப்போது பலரும் பயன்படுத்தும் பின்னல் நரம்பு சில சதவீதம்தான் நீளும். பின்னல் நரம்பு போட்டிருந்தால் ஸ்பிரிங் வேலை முழுக்கக் கம்பின் தலையில் விழுகிறது. மூன்றாவது, சேதி சொல்வது. தண்ணீருக்குள் லூர் என்ற செயற்கை இரை கல்லில் உரசியதா, பாசியில் சிக்கியதா, மீன் வாய் வைத்ததா என்பது கம்பின் அதிர்வாகக் கைக்கு வர வேண்டும்.

நீளத்தைக் கூட்டினால் வீச்சு கூடும், விலையும் கேட்கும். நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டால், கம்பு தாழும் அளவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதே பருமன், அதே பொருள் என்றால் ஏழடிக் கம்பு தாழ்வதைப்போல் எட்டடிக் கம்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தாழும். அதை ஈடுகட்டப் பருமனைக் கூட்ட வேண்டும், எடை ஏறும். அலைக்கு அப்பால் எறிய வேண்டிய கடற்கரை ராடுகள் பத்தடி, பன்னிரண்டடி என்று நீள்வதும், படகிலும் புதர்க்கரையிலும் ஆறடி ராட் கைக்கு வசதியாக இருப்பதும் இந்தக் கணக்கின் இரண்டு ஓரங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று ஏரிக்கரை, கழிமுகம், பாறைக்கரை மூன்றுக்கும் பொதுவாக ஒத்துவரும் நீளம் ஏழடி.

மூங்கில், கண்ணாடி, கார்பன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயர்ந்த ராட் என்றால் மூங்கில் ராட்தான். ஆனால் அது முழு மூங்கில் அல்ல. மூங்கிலின் வெளித்தோலை ஒட்டித்தான் இழைகள் நெருக்கமாக இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளை ஒட்டி அறுகோணக் கம்பாக்கினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் ஃபிலிப்பி 1840களில் பட்டை மூங்கில் ராடுகளைச் செய்தார். 1870களில் ஹைரம் லெனார்ட் அதைப் பெரிய தொழிலாக்கினார். தொடக்கத்தில் இதற்குப் பயன்பட்டது நம் நாட்டிலிருந்து போன 'கல்கத்தா மூங்கில்'. பிறகு தென்சீனாவின் குவாங்டாங்கில் விளையும் 'டோங்கின்' மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதே காலத்தில் மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்திய நீர்நிலைகளில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை எழுதினார். ஏரி, குளங்களுக்கென்றே 1887இல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' வந்தது. ஏரியில் ராட் போடுவது நேற்று முளைத்த பொழுதுபோக்கு அல்ல.

1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஷேக்ஸ்பியர் நிறுவனம் கண்ணாடி இழை ராடைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மழைக்கும் பூச்சிக்கும் அஞ்சாத, ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கக்கூடிய கம்பு அது. 1960களில் பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமானவியல் ஆய்வகத்திலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகள் வலுவான கார்பன் இழையைத் தந்தன. விமான உறுப்புகளுக்காகப் பிறந்த அந்தப் பொருளில் 1973இல் ஃபென்விக் நிறுவனம் ராட் செய்து விற்றது. இன்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ராடிலும் ஏதோ ஓர் அளவு கார்பன் இருக்கிறது.

இந்த மாற்றத்தின் காரணத்தை இரண்டு எண்களில் சொல்லலாம். ஒரு பொருள் எவ்வளவு விறைப்பு, எவ்வளவு கனம் என்பவை அவை. கண்ணாடி இழையின் விறைப்பு சுமார் 72 கிகாபாஸ்கல். அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு. சாதாரண கார்பன் இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல். அடர்த்தி தண்ணீரைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. எடைக்கு எடை பார்த்தால் கார்பன் நாலரை மடங்கு விறைப்பானது. வேடிக்கை என்னவென்றால், எடைக்கு எடை என்ற அதே தராசில் நல்ல மூங்கில், பிசின் சேர்த்த கண்ணாடி இழைக்கு இளைத்ததல்ல. கண்ணாடி இழை வென்றது விலையிலும் உழைப்பிலும்தான்.

எடை குறைந்து விறைப்பு கூடினால் கம்பின் அதிர்வெண் ஏறும். ஒரே வடிவக் கம்பை இரண்டிலும் செய்தால், கார்பன் கம்பு ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் அதிரும். வீசி முடித்ததும் கண்ணாடி ராடின் நுனி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தில் நரம்பு வளையங்களில் அடித்து, போக வேண்டிய தூரத்தைத் தின்னும். கார்பன் சட்டென்று நின்றுவிடும். மீனின் சிறு கொத்தல் கைக்குத் தெளிவாக வருவதற்கும் இதுவே காரணம்.

காலியான நடுவில் இருக்கும் பலம்

ராட் உள்ளே காலியான குழாய். சிக்கனத்துக்காக வந்த குறை அல்ல, அதுதான் அதன் சிறப்பு. வளைவை எதிர்க்கும் திறன் விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது மையத்தில் இருக்கும் பொருள் சும்மா கனம், ஓரத்தில் இருப்பதுதான் வேலை செய்கிறது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள திடக் கம்பு ஒன்று. வெளிவிட்டம் 12, உள்விட்டம் 9 மில்லிமீட்டர் உள்ள குழாய் ஒன்று. குழாயில் பொருள் 37 சதவீதம் குறைவு. விறைப்போ 40 சதவீதத்துக்குமேல் அதிகம்.

இப்படியே விட்டத்தைக் கூட்டிச் சுவரை மெலித்துக்கொண்டே போகலாமே என்றால், ஒரு தடை இருக்கிறது. இளநீர்க் கடையில் தரும் உறிஞ்சுகுழலை மெதுவாக வளைத்துப் பாருங்கள். முதலில் வட்டமான வாய் முட்டை வடிவமாகும். அப்புறம் ஓரிடத்தில் திடீரென்று மடங்கிவிடும். மெல்லிய குழாய் வளையும்போது இப்படித் தட்டையாவதை 1927இல் பிரேசியர் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினார். ராடின் நீளவாக்கில் ஓடும் இழை இந்தத் தட்டையாதலைத் தடுக்காது. அதற்குக் குறுக்காகச் சுற்றிவரும் இழைகள் வேண்டும். விலை கூடிய ராடுகளில் மேற்புறம் குறுக்கும் மறுக்குமாக நாடா சுற்றியிருப்பது அழகுக்காக மட்டுமல்ல. ஆனால் மலிவு ராடுகளில் அந்தக் கோலத்தை வெறும் பெயின்டால் வரைந்தும் விற்பார்கள். நகத்தால் தடவிப் பார்த்தால் சில நேரம் வித்தியாசம் தெரியும்.

முப்பது டன் என்றால் என்ன?

இப்போது கடைக்காரரின் கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள இழையை எடுத்துக்கொள்ளுங்கள். அது அறாது என்று வைத்துக்கொண்டு அதை இருமடங்கு நீளமாக்க எத்தனை டன் விசை வேண்டும்? அந்த எண்தான் லேபிளில் இருப்பது. முப்பது டன் இழையை ஒரு சதவீதம் நீட்ட 300 கிலோ விசை தேவை. இது விறைப்பின் அளவு. அறாமல் எவ்வளவு தாங்கும் என்பது வேறு அளவு.

இரண்டும் சேர்ந்து ஏறுவதும் இல்லை. கண்ணாடி இழை நான்கு சதவீதத்துக்கு மேலும் நீண்ட பிறகே அறும். இருபத்துநான்கு டன் வகையான சாதாரண கார்பன் இழை ஒன்றரை முதல் இரண்டு சதவீதத்தில் அறும். நாற்பது டன் இழையோ ஒரு சதவீதத்தைத் தாண்டியதுமே அறத் தயாராகிவிடும். டன் ஏற ஏற, அதே விறைப்புக்கு மெல்லிய சுவர் போதும் என்பதால் கம்பு லேசாகும். கூடவே எளிதில் உடையக்கூடியதாகவும் ஆகும். ஈயக்குண்டு ஒருமுறை தட்டியதில் விழுந்த கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், பத்து நாள் கழித்துப் பெரிய மீனே இல்லாமல் ஒடிந்துவிடும்.

போதாததற்கு, லேபிளில் உள்ள இழை ராடில் எத்தனை பங்கு என்று யாரும் எழுதுவதில்லை. ஓர் அடுக்கு முப்பது டன்னும் மிச்சம் கண்ணாடியுமாக இருந்தாலும் லேபிள் அதேதான். 'ஐஎம்6', 'ஐஎம்7' என்று எழுதியிருப்பதும் தரச்சான்று அல்ல. அவை ஹெக்ஸெல் நிறுவனம் விற்கும் இழைகளின் பெயர்கள். அந்த எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பைக்கில் கட்டி, பஸ்ஸில் இடிபட்டு, வீட்டில் சீலிங் ஃபேனுக்குத் தப்பி வாழ வேண்டிய ராடுக்கு இருபத்துநான்கு டன் கார்பனோ கார்பனும் கண்ணாடியும் கலந்ததோ மேல். ஷேக்ஸ்பியர் 1976இல் கொண்டுவந்த 'அக்லி ஸ்டிக்' இந்தக் கலப்பால்தான் பெயர் வாங்கியது. கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம், ஆனால் முரட்டுக் கைக்கும் தாங்கும் ராட் அது.

கைப்பிடிக்கு மேலே உள்ள எழுத்து

விளம்பர லேபிளை விட்டுவிட்டு, கைப்பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். நீளம், பலம், நரம்பின் அளவு, லூரின் எடை ஆகியவை அங்கே இருக்கும். சில ஜப்பானியத் தயாரிப்புகளில் 'எஸ்702எம்' என்று சுருக்கியிருப்பார்கள்: ஸ்பின்னிங், ஏழடி பூஜ்ய அங்குலம், இரண்டு துண்டு, மீடியம்.

பலமும் ஆக்‌ஷனும் வேறு வேறு என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். பலம் என்பது கம்பை வளைக்க எவ்வளவு எடை வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்பது அந்த வளைவு எங்கே விழுகிறது என்பது. நுனியின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட்; பாதி வரை வளைந்தால் மீடியம்; கைப்பிடி வரை வளைந்தால் ஸ்லோ. ஃபாஸ்ட் ராட் முள்ளைச் சட்டென்று ஏற்றும், குறி தப்பாமல் வீசும். ஸ்லோ ராட் உதறலை நன்றாக வாங்கிக்கொள்ளும், வாயில் லேசாகப் பிடித்த முள்ளைக் கழன்றுவிடாமல் காக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ராட் என்றால் இடையிலுள்ள மீடியம் ஃபாஸ்ட் நல்லது.

மீடியம் என்ற சொல்லுக்குச் சந்தையில் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஹெவியாக இருக்கும். அதனால் சொல்லைவிட லூர் எடையை நம்புங்கள். கால் அவுன்ஸ் முதல் முக்கால் அவுன்ஸ் வரை, அதாவது 7 முதல் 21 கிராம் வரை என்றால் நமக்கு வேண்டிய ராட் அதுதான். வீசும்போது லூரின் எடைதான் கம்பை வளைத்துச் சக்தியை ஏற்றுகிறது. 3 கிராம் லூர் இந்தக் கம்பை வளைக்கவே செய்யாது. 60 கிராம் ஈயம் அதைத் திணறடிக்கும். எல்லையின் நடுப்பகுதியான 10 முதல் 15 கிராமில்தான் இந்த ராட் கைக்கு இனிக்கும். விராலுக்கான ரப்பர் தவளையும், கொடுவாவுக்கான சிறு மீன் வடிவ லூர்களும் பெரும்பாலும் இந்த எடைக்குள் வந்துவிடுகின்றன.

லேபிளையே நம்ப முடியவில்லை என்றால் அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. வில்லியம் ஹானிமன் என்ற அமெரிக்கர் 2003இல் ராடுகளின் பலத்தை அளக்க ஓர் எளிய முறையை முன்வைத்தார். கைப்பிடியைக் கிடைமட்டமாகப் பிடித்து நிறுத்தி, நுனியில் ஒரு சிறு பையைக் கட்டி, அதில் அந்நாட்டு ஒரு சென்ட் காசுகளாகப் போட்டுக்கொண்டே போவார். நுனி ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழும்வரை எத்தனை காசு பிடிக்கிறது என்பதுதான் ராடின் பலம். நமக்குச் சென்ட் வேண்டாம். பாலித்தீன் பையில் தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம். ஏழடி ராடின் நுனி 70 சென்டிமீட்டர் தாழ எவ்வளவு தண்ணீர் என்று, நண்பரின் நல்ல ராடையும் வாங்க நினைக்கும் ராடையும் ஒப்பிட்டால் 'மீடியம்' யாருடைய மீடியம் என்று தெரிந்துவிடும். வளைவு எங்கே விழுகிறது என்பதும் அப்போதே கண்ணில் படும்.

இணைப்பில் இருக்கிறது விஷயம்

ஒரே துண்டாக வரும் ஏழடி ராடை மாநகரப் பேருந்தில் ஏற்றிப் பார்த்தவருக்கு இரண்டு துண்டின் அருமையை விளக்க வேண்டியதில்லை. கழற்றினால் ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 110 சென்டிமீட்டர்; முதுகில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டலாம். இதைவிடச் சிறிதாக மடங்கும் டெலஸ்கோப் ராட் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் ஐந்தாறு இணைப்புகள். வளையங்களை அந்தந்தக் கணுவின் முனையில்தான் வைக்க முடியும். கடற்கரை மணல் ஒருமுறை உள்ளே புகுந்தால் உள்ளுக்குள் அரைத்துவிடும்.

இணைப்பு ராடைக் கெடுக்கும் என்ற பழைய பேச்சு பித்தளை, நிக்கல் கலவைக் குழல்கள் இருந்த காலத்தில் உண்மை. கனமான, வளையாத அந்த உலோகத் துண்டு கம்பின் நடுவில் ஒரு செத்த இடத்தை உண்டாக்கியது. இன்றைய ராடுகளில் மேல்துண்டின் அடிப்பகுதியே அகன்று கீழ்த்துண்டின் மேல் தொப்பியாக இறங்குகிறது. அல்லது கீழ்த்துண்டுக்குள் ஒட்டிய சிறு கார்பன் தண்டின் மேல் இறங்குகிறது. இரண்டிலும் கூடும் எடை சில கிராம்தான். அதுவும் நுனியில் அல்ல, கம்பின் நடுவில். ஒரு துண்டு ராடுக்கும் நல்ல இரண்டு துண்டு ராடுக்கும் உள்ள வேறுபாட்டை நம்மில் பெரும்பாலோர் கைகளால் கண்டுபிடிக்க முடியாது.

மோசமான இணைப்பு வேறு கதை. கடையிலேயே சோதியுங்கள். இரண்டு துண்டையும் மெதுவாகத் திருகியபடி பொருத்தி, கைப்பிடிப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள்: வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா? இணைப்பின் மேல் இரு விரலை வைத்துக்கொண்டு ராடை இப்படியும் அப்படியும் அசையுங்கள். உள்ளே டக் என்ற சிறு துடிப்பு விரலில் பட்டால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மேல்துண்டின் வாய்ப்பக்கம் நூல் இறுக்கிச் சுற்றிப் பூச்சுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வளையும்போது அந்த வாயைப் பிளக்கப் பார்க்கும் விசையைத் தாங்குவது அந்த நூல் கட்டுதான். கழற்றி, உட்புற விளிம்பில் விரிசலோ இழை பிசிறோ இருக்கிறதா என்று கைபேசி வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டியதில்லை.

வளையமும் எடையும்

ஸ்பின்னிங் ரீலிலிருந்து நரம்பு சுருள் சுருளாக வெளியேறும். முதல் வளையம் பெரியதாக நின்று அந்தச் சுருளை வாங்கி, அடுத்தடுத்தவை சிறிதாகி அதை நேர்க்கோடாக்க வேண்டும். ஏழடி ராடில் நுனியைச் சேர்க்காமல் ஏழு வளையமாவது இருப்பது நல்லது. குறைந்தால் வளைந்த கம்பில் நரம்பு கம்பையே உரசும். சுமையும் ஓரிரு இடங்களில் குவியும்.

வளையத்தின் உள்ளே இருக்கும் பீங்கான் வளையல் முக்கியம். பின்னல் நரம்பு இழுபட்டுக்கொண்டே இருந்தால் மென்மையான உலோகத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் பிறகு நரம்பை அறுக்கும். அலுமினியம் ஆக்சைடு வளையல் நம் பட்ஜெட்டுக்குப் போதுமானது. சிலிக்கான் கார்பைடு கிடைத்தால் இன்னும் கடினம், சூட்டையும் வேகமாகக் கடத்திவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றிப் பாருங்கள். பஞ்சு இழுபட்டால் அங்கே விரிசல் இருக்கிறது.

வளையத்தின் எடைக்கும் கணக்கு உண்டு. வீசும்போது கைக்குத் தெரியும் கனம், கையிலிருந்து உள்ள தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நுனியில் இருக்கும் ஒரு கிராம், அரை மீட்டர் தள்ளி இருக்கும் பதினாறு கிராமுக்குச் சமம். அதனால்தான் தராசில் 130 கிராம் காட்டும் இரண்டு ராடுகளில் ஒன்று கையில் லேசாகவும் இன்னொன்று முன்பக்கம் சாய்ந்து கனப்பதாகவும் இருக்கிறது. பெட்டியில் போட்ட எடையைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் ரீலைக் கொண்டுபோய் மாட்டி, ரீலின் காலடியில் ஒரு விரலால் தாங்கிப் பாருங்கள். நுனி மெதுவாகத் தாழலாம், தலைகுப்புற விழக் கூடாது. ரீல் சீட்டில் ரீல் அசையக் கூடாது என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம். 2500 அல்லது 3000 எண் ரீல் இந்த ராடுக்குப் பொருத்தம்.

எதைச் செய்யாது, எப்படிக் காப்பது

எல்லாவற்றுக்கும் ஒரே ராட் என்று சொன்னாலும் எல்லைகள் உண்டு. தாமரைக் கொடியும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த குளத்தில் பெரிய விராலைப் பிடுங்கி எடுக்க இந்த ராடுக்குப் பலம் போதாது. கடலலைக்கு அப்பால் கனத்த ஈயத்தோடு எறியவும் முடியாது. சின்ன ஜிலேபி மீனின் கொத்தலில் அதிகம் துள்ளாது. இந்த மூன்று ஓரங்களையும் விட்டுக்கொடுத்துத்தான் நடுவிலுள்ள எல்லாவற்றையும் வாங்குகிறோம்.

ராடுகள் மீனால் ஒடிவதைவிட மனிதரால் ஒடிவதே அதிகம். மீனைக் கரைக்குக் கொண்டுவந்த கடைசி நேரத்தில் ராடைச் செங்குத்தாகத் தூக்கினால் சுமை முழுவதும் மெல்லிய நுனியில் குவியும். அங்கே பட்டென்று போகும். மீனைக் கைவலையால் அள்ளுங்கள், ராடால் தூக்காதீர்கள். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராகை நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வைத்தால் ராடும் நரம்பும் பிழைக்கும். உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, துண்டுகளைப் பிரித்து, காயவைத்து எடுத்துவையுங்கள். இணைப்பில் உள்ளே நுழையும் ஆண் பக்கத்தில் எப்போதாவது மெழுகுவத்தியைத் தேய்த்தால் இணைப்பு இறுகிக்கொள்ளாது, வீசும்போது நழுவவும் செய்யாது. பத்திருபது வீச்சுக்கு ஒருமுறை இணைப்பைத் தொட்டு இறுக்கிவிடுங்கள். தளர்ந்த இணைப்பில் வீசுவதுதான் இரண்டு துண்டு ராடுகள் பிளக்க முக்கியக் காரணம்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரைக்கு மேலே மின்கம்பி போனால் அந்த இடத்தில் ராடை உயர்த்தவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தூரத்தில் இடி கேட்டதும் ராடைப் படுக்கவைத்துவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். ஏரிகளிலும் அணைகளிலும் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும் என்பதால், வீசும் முன் உரியவரைக் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

ஆக, கையில் மூவாயிரம் ரூபாய் இருந்தால் அதை டன் எண்ணுக்குக் கொடுக்காதீர்கள். ஆட்டமில்லாத இணைப்பு, விரிசலில்லாத பீங்கான் வளையங்கள், உங்கள் லூரின் எடைக்குப் பொருந்தும் பலம் ஆகிய மூன்றுக்குக் கொடுங்கள். இந்த மூன்றும் இரண்டாயிரம் ரூபாய் ராடிலேயே கிடைத்துவிட்டால், மிச்ச ஆயிரத்தை நல்ல நரம்புக்கும் கூர்மையான முள்ளுக்கும் செலவழியுங்கள்.